புதுப்பிப்பு: ராத்திரி கழட்டி வெச்சா காலைல நின்னுபோற ஆட்டோமேட்டிக் வாட்ச் – இப்ப ஓடுது

என் வாட்ச் ஏன் இப்படி நிக்குதுன்னு கேட்டதுக்கு பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க. சர்வீஸுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி க்ரௌன (வாட்ச் பக்கவாட்டுல இருக்குற திருகு) கையால சுத்திப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாருல்ல, அதுதான் வேலை செஞ்சுது. உள்ள இருக்குறது ஈடிஏ 2824ங்கிற மெஷின், ஃபுல்லா சாவி ஏறியிருந்தா சுமார் 38 மணி நேரம் ஓடணும், ஆனா நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குற கையில ரோட்டர் (கை அசையும்போது சுத்தி ஸ்ப்ரிங்க முறுக்குற எடை) எங்க சுத்தும், ஸ்ப்ரிங் பாதிகூட ஏறல போல. க்ரௌன முன்பக்கமா ஒரு 30 சுத்து குடுத்தேன், கழட்டி வெச்சாலும் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஓடுது. ஓவரா சுத்துனா அறுந்துடும்னு பயப்பட வேணாம், ஆட்டோமேட்டிக்ல ஃபுல்லா ஏறுனதும் ஸ்ப்ரிங் வழுக்கிக்கும்.

எதிர்பாக்காதது என்னன்னா, திடீர்னு நிமிஷக்கணக்குல ஃபாஸ்ட்டா ஓட ஆரம்பிச்சுது. காம்பஸ் கிட்ட கொண்டு போனா காம்பஸ் முள்ளு ஆடுது, அப்ப காந்தம் ஏறியிருக்கு (டேப்லெட் கவர்ல இருக்குற காந்தம் மேலதான் சந்தேகம்). வாட்ச் கடையில டீமேக்னடைஸர்ல (காந்தத்த எடுக்குற மெஷின்) காட்டுனாங்க, அவ்ளோதான், டைம் சரியா காட்டுது.