காமெட்டைக் கவிழ்த்தது சதுர ஜன்னலா?

ஓடுபாதை27:
பக்கத்து இழையில் ஒருவர், பிரிட்டனின் காமெட் ஜெட் விமானம் சதுர ஜன்னலின் மூலையில் விரிசல் விட்டுத்தான் சிதறியது என்ற கதை வெறும் உருட்டு என்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு 36 பேரோடு கிளம்பி, உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது ஜி-ஏஎல்ஒய்பி என்ற பதிவெண் கொண்ட காமெட். அதே விமானம்தான் 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. 35 பேர் பலி. மூன்று மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 8-ல், இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது; 21 பேர். பிறகு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்திச் சோதித்த ஜி-ஏஎல்ஒய்யு என்ற இன்னொரு காமெட் எங்கே கிழிந்தது? திறப்பின் மூலையில். இதில் உருட்டு எங்கே இருக்கிறது?

ரிவெட்டுராசா:
எழுதியது நான்தான். எல்பா விமானத்தில் விரிசல் ஆரம்பித்தது பயணி ஜன்னலில் இல்லை. திசையறியும் ரேடியோவின் ஆன்டெனாவுக்காகக் கூரையில் இரண்டு திறப்பு வெட்டியிருந்தார்கள். பின்பக்கத் திறப்பின் மூலையில், ஒரு ரிவெட் துளையருகே ஆரம்பித்தது. அதில் கண்ணாடியே கிடையாது, ரேடியோ அலை புக ஃபைபர்கிளாஸ் மூடி. பயணி ஜன்னல்களும் அசல் சதுரம் இல்லை, மூலை வளைந்துதான் இருக்கும்.

ஓடுபாதை27:
ஆன்டெனா திறப்பும் மூலையுள்ள திறப்புதானே சார்? பெயரை மாற்றினால் விரிசல் நின்றுவிடுமா? தகடு 22 கேஜ், அதாவது 0.71 மி.மீ. உள்ளே சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு அழுத்தம். மூலையில் தகைவு, அதாவது உலோகம் தாங்கும் இழுவிசை, சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டுக்குள் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். விசாரணையில் அது 40,000-க்கு மேல் என்று தெரிந்தது. அந்த உலோகம் அறுந்துபோகும் அளவே ஏறத்தாழ 65,000.

ரிவெட்டுராசா:
கணக்கு தப்பு, சரி. கணக்கு தப்பினால் பிடிப்பதற்குத்தானே சோதனை? அதையும் காமெட்டைத் தயாரித்த டி ஹாவிலாண்ட் செய்தது. விமானத்தின் முன்பகுதியை 16,000 தடவைக்கு மேல் அழுத்தி இறக்கியும் தாங்கியது. நிஜத்தில் எல்பா விமானம் 1,290 பறப்பில் போனது, நேப்பிள்ஸ் விமானம் 900-லேயே. ஏன் இத்தனை வித்தியாசம் என்பதுதான் கேள்வி.

அந்த முன்பகுதித் துண்டை முதலில் வேறொரு சோதனைக்காக இயல்பைப்போல் இரண்டு மடங்கு, 16.5 பவுண்டு வரை அழுத்தியிருந்தார்கள். அவ்வளவு ஏற்றும்போது மூலையிலுள்ள உலோகம் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுவிடும். அழுத்தம் இறங்கியதும் சுற்றியுள்ள தகடு பழைய அளவுக்குத் திரும்பும், நீண்டுபோன மூலையை நெருக்கும். அந்த நெருக்கம் அங்கேயே தங்கிவிடும். அடுத்து 8.25 ஏற்றினால் இழுவிசையில் ஒரு பங்கை அது தின்றுவிடும், விரிசல் பிறக்க நாளாகும். பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்த இரட்டை அழுத்தம் கிடைக்கவே இல்லை, 11 பவுண்டுதான். பலப்படுத்திய துண்டைச் சோதித்துவிட்டு பலப்படுத்தாததை விற்றார்கள். தெரிந்து செய்யவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

வால்துடுப்பு:
இடையில் ஒரு சந்தேகம். ஃபார்ன்பரோ சோதனையில் எதற்குத் தண்ணீர்? காற்றையே ஏற்றியிருக்கலாமே?

ரிவெட்டுராசா:
அழுத்திய காற்று வில் மாதிரி. ஒரு விரிசல் விட்டால் மொத்தமும் குண்டாக வெடிக்கும், எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. தண்ணீர் அமுங்காது. கிழிந்த நொடியில் அழுத்தம் விழுந்துவிடும், கிழிசல் அப்படியே கிடைக்கும். இறக்கைகளை மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டி ஜாக்கியால் மேலும் கீழும் வளைத்தார்கள். ஜி-ஏஎல்ஒய்யு 1,221 நிஜப் பறப்பு, தொட்டியில் அழுத்தி இறக்கிய 1,836 போலிப் பறப்பு, மொத்தம் 3,057-ல் கிழிந்தது.

கீழ்வானம்:
ஜன்னலோ ஆன்டெனாவோ, இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். அந்த இரண்டு விபத்துக்கு முன்பே காமெட்டுக்கு வேறு நோய் இருந்தது. 1952 அக்டோபரில் ரோம், 1953 மார்ச்சில் கராச்சி, இரண்டும் மேலெழும்பும்போது. கராச்சியில் 11 பேர். மூக்கைச் சற்று அதிகம் தூக்கினால் இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும், இழுவை கூடும், வேகம் ஏறாது, ஓடுபாதை தீர்ந்துவிடும். விசிறி விமானத்தில் விசிறிக் காற்று இறக்கைமேல் அடித்துக்கொண்டே இருக்கும், அது கொஞ்சம் காப்பாற்றும். ஜெட்டில் அந்தத் தயவு இல்லை. காமெட்டின் கோஸ்ட் என்ஜின் ஒவ்வொன்றின் உந்துவிசையும் 5,050 பவுண்டுதான், சூடான காற்றில் அதுவும் குறையும். ரோமில் விமானி மேல் பழி போட்டார்கள். பிறகு இறக்கையின் முன்விளிம்பைத் தாழ்த்தி வளைத்துத்தான் சரிசெய்தார்கள். விமானி மட்டும் தப்பு என்றால் இறக்கையை ஏன் மாற்றணும்?

சந்தைக்கு வருவோம். 36 இருக்கை, நாலு என்ஜின். கொழும்புவரை 1952-லேயே ஓட்டினார்கள்தான், ஆனால் வழியெல்லாம் இறங்கி எண்ணெய் போட்டு. அட்லாண்டிக்கை அது பயணிகளோடு தாண்டியிருக்காது. விபத்தே நடக்காவிட்டாலும் போயிங்தான் ஜெயித்திருக்கும்.

ஓடுபாதை27:
இதை மட்டும் விடமாட்டேன். அமெரிக்க விமான நிறுவனமான பான் ஆம் 1952 அக்டோபரிலேயே காமெட்டின் அடுத்த வடிவமான காமெட் 3-ல் மூன்றுக்கு ஆர்டர் கொடுத்தது. அமெரிக்காக்காரனே லண்டனில் வாங்க வந்தான் என்றால் சந்தை இல்லையா? இந்த இரண்டு விபத்துதான் அதைக் கெடுத்தது.

கீழ்வானம்:
அதே பான் ஆம் 1955 அக்டோபர் 13 அன்று 20 போயிங் 707, போட்டிக் கம்பெனி டக்ளஸின் 25 டிசி-8 என்று சேர்த்து அறிவித்தது. டிசி-8 அகலம் என்பதால் போயிங் தன் உடலை 148 அங்குலமாக்கியது. முன்மாதிரியில் 132 அங்குலம்தான். வாடிக்கையாளர் கேட்டால் அச்சையே மாற்றுகிற கம்பெனியோடு போட்டி.

என்ஜின் வைத்த இடமும் ஒரு காரணம். காமெட்டில் இறக்கையின் அடிமூலத்துக்குள் புதைத்தார்கள். காற்றுக்கு நல்லது. ஆனால் பெரிய என்ஜின் வந்தால் இறக்கையின் மையச் சட்டத்தையே திருத்தணும். 707-ல் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் மாற்றுவது சுலபம், அந்த எடை இறக்கை மேல்நோக்கி வளைவதையும் குறைக்கும்.

வால்துடுப்பு:
707-க்குக் கோயில் கட்டாதீர்கள். 13,500 பவுண்டு உந்துவிசை வேண்டுமென்றால் என்ஜினுக்குள் தண்ணீர் பாய்ச்சணும், கரும்புகையும் காதைக் கிழிக்கும் சத்தமும் இலவசம். 1958 அக்டோபர் 26 அன்று நியூயார்க்–பாரிஸ் முதல் பயணத்திலேயே கனடாவின் கேண்டரில் எண்ணெய் போட இறங்கியது. திருத்திக் கட்டிய காமெட் 4 அதற்கு 22 நாள் முந்தி, அக்டோபர் 4-லேயே, அட்லாண்டிக் சேவையைத் தொடங்கிவிட்டது. 707-ன் வால் போதாது என்று பிரிட்டன் அதிகாரிகள் அடம்பிடித்த பிறகுதான் அதை உயர்த்தி, அடியில் ஒரு துடுப்பும் வைத்தார்கள்.

இரண்டு கட்சியும் சோவியத் ஜெட் விமானமான டியு-104-ஐ மறந்தாச்சு. 1956 செப்டம்பர் 15 முதல் மாஸ்கோ–ஓம்ஸ்க்–இர்குட்ஸ்க். காமெட் 4 வரும்வரை பயணிகளோடு ஓடிய ஒரே ஜெட் அதுதான். இறங்கியதும் பின்னால் பாராசூட் விரித்து நிறுத்துவார்கள்.

ஓடுபாதை27:
சரி, "ஜன்னல்" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். மூலை மூலைதான். டியு-104-க்குத் தனி இழை போடுங்கள், அந்தப் பாராசூட்டைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது.