ரஷ்ய மொழியில் நாலு பக்கம், நாளைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள். என்ன செய்ய?

மணல்மேட்டான்: அண்ணன்மாரே, அவசரம். வேலையை விடுகிறேன் என்று திங்கட்கிழமை சொன்னேன். இன்று ஹெச்.ஆர். கூப்பிட்டு ரஷ்ய மொழியில் நாலு பக்கத்தை நீட்டி, நாளை பத்து மணிக்குள் கையெழுத்து என்கிறார்கள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'தொழில் ரகசியம்', 'இரண்டு ஆண்டு', 'நஷ்டஈடு' என்று வருகிறது. சம்பளம் வேறு பாக்கி. போடலாமா, கூடாதா?

நெல்லைப்பக்கம்: எந்த நாடு, என்ன வேலை என்றே சொல்லவில்லையே தம்பி. நான் அஸ்தானா வந்த முதல் குளிர்காலம் மைனஸ் முப்பது, ஊரில் வாங்கிய ஜெர்கினை நம்பி பஸ்ஸுக்கு நின்றேன், மூக்குக்குள் இருக்கிற முடியெல்லாம் உறைந்து முள்ளாகக் குத்தியது. அதையே தாங்கினோம், ஒரு தாளுக்கா பயம்?

மணல்மேட்டான்: கஜகஸ்தான்தான் அண்ணே, அத்திராவ். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே விடுகிற சேற்றுக் கலவை, அதாவது 'மட்', கலக்கும் வேலை.

பழையஆள்: போடவே போடாதே. வேலையை விட்டுப் போகிறவனை யாரும் கட்டிப்போட முடியாது. நான் எதிலும் போடாமல்தான் வந்தேன்.

கரூர்க்காரி: அப்படி அடித்துச் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரரிடம் சேர்ந்த அன்றே வாங்கிவிட்டார்கள். வேலை அனுமதி கம்பெனி எடுத்தது, பகைத்துக்கொண்டு எங்கே போவது? பேசாமல் போட்டுவிட்டுக் கிளம்பு தம்பி.

பழையஆள்: எல்லாம் ஏஜென்ட் பண்ணுகிற வேலை. ஊரில் பணத்தைக் கறந்துவிட்டு, எந்தத் தாளையும் காட்டாமல் விமானம் ஏற்றிவிடுகிறான்.

நெல்லைப்பக்கம்: ஏஜென்ட் என்றதும்தான் ஞாபகம், அல்மாட்டியில் புளி எங்கே கிடைக்கும்?

கணக்கன்: புளியை அப்புறம் பார்க்கலாம். தம்பி, முதலில் கம்பெனி எங்கே பதிவானது என்று பார். அஸ்தானா நிதி மையத்தில், அதாவது ஏ.ஐ.எஃப்.சி.யில் என்றால் அங்கே ஆங்கிலத்தில் தனிச் சட்டம், கதையே வேறு. சாதாரண உள்ளூர் கம்பெனி என்றால் தொழில் ரகசியத்துக்கு சிவில் சட்டம் 126-வது பிரிவு. ஒரு தகவலை ரகசியம் என்று ஏற்க அது மூன்று கேட்கும்: மற்றவர்களுக்குத் தெரியாததால் அந்தத் தகவலுக்கு ஒரு வணிக மதிப்பு இருக்க வேண்டும், சட்டப்படி யாரும் எளிதில் எடுக்க முடியாததாக இருக்க வேண்டும், அப்புறம் கம்பெனி அதைக் காக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். பல இடத்தில் கம்பெனிகள் வழுக்குவது இந்த மூன்றாவதில்தான். கலவை ரெசிபியை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, நீ போகும்போது மட்டும் ரகசியம் என்றால் எடுபடுவது கஷ்டம்.

பழையஆள் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற ஒப்பந்தத்துக்கு 2015 தொழிலாளர் சட்டத்தில் இடம் உண்டு, 29-வது பிரிவு. ஆனால் அது இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு போடுவது. எந்தெந்தப் பதவிக்கு என்று கம்பெனி பட்டியல் வைத்திருக்க வேண்டும், அந்தக் காலத்துக்கு ஈட்டுத்தொகையும் பேசலாம். அதனால் நாளைக்கே போட வேண்டிய கட்டாயம் இல்லை. நகல் கேள், மொழிபெயர்ப்பாளரை வைத்துப் படிக்கிறேன் என்று மெயிலில் எழுது. விலகல் கடிதம் எழுத்தில் போயிற்றா? ஒரு மாத முன்னறிவிப்பு அதிலிருந்துதான், வாயால் சொன்னது சேராது.

மணல்மேட்டான்: கடிதம் கொடுத்துவிட்டேன். இன்னொன்று சொல்லவில்லை அண்ணே. போன வாரம் கலவை விகித எக்செல் ஒன்றை என் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். சும்மா, ஞாபகத்துக்கு.

கணக்கன்: இதை முதலில் சொல்ல வேண்டாமா? அதை யாருக்கும் தட்டிவிடாதே, பதறிப் போய் அழிக்கவும் செய்யாதே. தொழில் ரகசியத்தைச் சட்டவிரோதமாக எடுப்பதற்குக் குற்றவியல் சட்டத்திலும் 223 என்று ஒரு பிரிவு இருக்கிறது. காலையில் ஹெச்.ஆருக்கு முன்னால் உள்ளூர் வக்கீலைப் பார், இதை அவரிடம் மட்டும் சொல். சேரும்போது போட்ட ஒப்பந்தம் கையில் இருக்கிறதா?

மணல்மேட்டான்: எடுத்துவிட்டேன். கஜக், ரஷ்யன், இங்கிலீஷ் மூன்று பத்தி. ஏழாம் பக்கத்தில் 'ரகசியத் தகவல் பட்டியல், இணைப்பு 2' என்று இருக்கிறது. அந்த இணைப்பு என்னிடம் இல்லை, கொடுத்த ஞாபகமும் இல்லை.

கணக்கன்: அந்தப் பக்கத்தைத்தான் வக்கீலிடம் முதலில் காட்டி, இணைப்பு கைக்கு வரவில்லை என்றும் சொல்ல வேண்டும். நான் சொன்ன மூன்றாவது விஷயம் அதில்தான் இருக்கிறது.