பழைய வேலைகளில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மறந்துவிட்டன. எப்படிக் கண்டுபிடிப்பது?

கோவைக் கணக்கர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 2015 முதல் பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் தேதி, மாதம், ஆண்டு என முழுமையாக நிரப்பினால்தான் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. முதல் வேலை சென்னையில். அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, ரிலீவிங் லெட்டரும் வீடு மாறியபோது தொலைந்துபோனது. அடுத்தது கோவையில் எட்டுப் பேர் வேலை பார்த்த பம்பு உதிரிபாகப் பட்டறை; சம்பளம் கவரில் ரொக்கமாகத்தான் வரும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கிடையாது. இரண்டுக்கும் இடையே அப்பாவின் சிகிச்சைக்காகச் சில வாரங்கள் வீட்டில் இருந்தேன். உத்தேசமாக எதையாவது எழுதிவிட்டுப் பின்னால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை.

மனிதவளத் துறையில் இருப்பவர்:
சென்னை வேலைக்குக் கவலை வேண்டாம். உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினர் எண்) கொண்டு வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் நுழைந்து, 'சர்வீஸ் ஹிஸ்டரி' பகுதியைப் பாருங்கள். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் அது பதிந்த தேதிகள் அங்கே இருக்கும். சரிபார்ப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் முதலில் ஒப்பிடுவதும் அதைத்தான். ஆனால் விலகிய தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள், ஏனெனில் பல முதலாளிகள் மாதக் கடைசி நாளையே போட்டுவிடுவார்கள். பாஸ்புக்கையும் இறக்கி, முதல் மாதத்திலும் கடைசி மாதத்திலும் பிடித்த தொகையைப் பாருங்கள். பணம் கட்டிய தேதியைப் பார்க்கக் கூடாது. அது அடுத்த மாதம் 15ஆம் தேதிவரை தள்ளிப்போகும். எந்த மாதச் சம்பளத்துக்கான தொகை என்பதே முக்கியம்.

கோவைக் கணக்கர்:
பார்த்தேன். சேர்ந்த தேதி என்று 01.06.2015 இருக்கிறது, ஆனால் மாத நடுவில் சேர்ந்ததாகத்தான் எனக்கு நினைவு. என் பங்கு ஜூன் மாதத்துக்கு 768 ரூபாய், ஜூலையிலிருந்து 1,440 ரூபாய். கடைசி மாதமான 2016 ஆகஸ்டுக்கும் 1,440 ரூபாய்தான்.

மனிதவளத் துறையில் இருப்பவர்:
உங்கள் நினைவு சரி. 1,440 என்பது 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் பி.எஃப்.க்குப் பிடிக்கும் 12 விழுக்காடு. ஆக, 30 நாள் மாதத்தில் ஒரு நாளுக்கு 400 ரூபாய். 768 ரூபாய் பிடிக்க 6,400 ரூபாய் ஊதியம் வேண்டும், அதாவது 16 நாள். ஜூன் 30இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 15ஆம் தேதி வருகிறது; அன்று திங்கட்கிழமை. ஆகஸ்டில் முழுத்தொகை இருப்பதால் 31.08.2016 என்று எழுதலாம். சேர்ந்த தேதியாக 15.06.2015 என எழுதி, பதிவில் 1ஆம் தேதி இருப்பதைக் குறிப்புப் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பழைய பட்டறைக்காரர்:
ரொக்கச் சம்பள வேலைக்கு ஊர்நிகழ்வுகள்தான் துணை. பண்டிகை, வெள்ளம், தேர்தல் என எதையாவது ஒட்டிச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா?

கோவைக் கணக்கர்:
விஜயதசமியன்று நல்ல நாள் என்று சேர்ந்தேன். முந்தைய நாள் ஆயுத பூசைக்குப் படைத்த பொரியையும் கடலையையும் பொட்டலமாகக் கையில் கொடுத்தார்கள். ஆண்டு 2016ஆ, 2017ஆ என்பதில்தான் குழப்பம். முதல் சம்பளக் கவரில் வந்த பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளோடு வங்கி வரிசையில் நின்றது மட்டும் மறக்கவில்லை.

பழைய பட்டறைக்காரர்:
அப்படியானால் குழப்பமே இல்லை. அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது 2016 நவம்பர் 8. அதற்குச் சில நாள் முன்பு கைக்கு வந்தது அக்டோபர்ச் சம்பளம். அவ்வாண்டு விஜயதசமி அக்டோபர் 11.

வேலை தேடும் பட்டதாரி:
இவ்வளவு கணக்கு எதற்கு? ஆகஸ்டை அக்டோபர் வரை இழுத்துவிட்டால் இடைவெளியே தெரியாதே.

மனிதவளத் துறையில் இருப்பவர்:
தெரியும். பி.எஃப். தொகை ஆகஸ்டோடு நின்றுபோனதை அதே பாஸ்புக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றரை மாத இடைவெளிக்காக யாரையும் நிராகரித்து நான் பார்த்ததில்லை. தேதியை நீட்டியதற்காக வேலை ஆணையையே திரும்பப் பெற்றதை இருமுறை பார்த்திருக்கிறேன். தந்தையின் சிகிச்சை என்று எழுதினால் போதும். பட்டறை உரிமையாளரிடம் ஒரு சான்றுக் கடிதமும் கேட்டுப் பாருங்கள்.

கோவைக் கணக்கர்:
நேற்று நேரில் போய்க் கேட்டேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி நான் கையெழுத்திட்ட சம்பள வவுச்சர்களைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார். முதல் வவுச்சரில் '21 நாள்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அக்டோபர் 11 முதல் 31 வரை எண்ணினால் சரியாக வருகிறது. விலகிய தேதியும் அந்தக் கட்டிலேயே கிடைத்துவிட்டது. லெட்டர்பேடில் கடிதம் வாங்கிக்கொண்டேன். அனைவருக்கும் நன்றி.