இட்லிப்பூ துளிர் எல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. என்ன குறைன்னு சொல்லுங்க ப்ளீஸ்

புதுவீட்டு மருமக:
வணக்கங்க. கோயமுத்தூர்ல கிழக்குப் பக்கம் புதுசா வீடு கட்டி குடிவந்து ஒன்னரை வருஷம் ஆச்சு. காம்பவுண்டு சுவர ஒட்டி வரிசையா 12 மினி இட்லிப்பூ வெச்சோம், நர்சரில "வெச்சுட்டு மறந்துடலாம் மேடம், சாகவே சாகாது"ன்னாங்க. சாகலைங்க, ஆனா வாழவும் மாட்டேங்குது. புதுசா வர்ற துளிர் எலுமிச்சம்பழ கலர்ல வருது, நரம்பு மட்டும் பச்சைக்கோடு போட்ட மாதிரி தெரியுது, அடில இருக்குற பழைய இலை நல்லாத்தான் இருக்கு, பூவும் கொத்துக்கு நாலோ அஞ்சோதான். மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, மாசாமாசம் ஒரு கை டிஏபி எல்லாம் போட்டாச்சு. அத்தை தண்ணி பத்தலைங்கறாங்க, அதனால ரெண்டு வேளையும் ஊத்துறேன். கேட் பக்கம் இருக்குற அரளி மட்டும் ஜம்முனு இருக்கு. என்னதான் பிரச்சனை?

பச்சைவிரல்:
தழைச்சத்து குறை. யூரியா கொஞ்சம் போடுங்க சரியாகிடும்.

தோட்டத்து தாத்தா:
யூரியா போட்றாதீங்க அம்மிணி. தழைச்சத்து குறைன்னா அடி இலைதான் மொதல்ல மஞ்சளாகும், ஏன்னா செடி பழைய இலைல இருந்து உருவி துளிருக்கு குடுத்துரும். இரும்புச்சத்த அப்படி உருவ முடியாது, அதான் துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. ரெண்டு விஷயம் சொல்லுங்க: என்ன தண்ணி ஊத்துறீங்க? சுவரோரம் குழி எடுத்தப்ப மண்ணுல என்ன வந்துச்சு?

புதுவீட்டு மருமக:
போர் தண்ணிதாங்க ஐயா, உப்புத்தண்ணி, பக்கெட் எல்லாம் வெள்ளையா படியும். அப்புறம் ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிய வீணாக்க மனசு வராம அதையும் இதுக்குதான் ஊத்துறேன். மண்ணுல சிமெண்டு கட்டி, ஜல்லி, உடைஞ்ச செங்கல், கொத்தனார் போட்டுட்டுப் போன எல்லாமே இருந்துச்சு 😅

தோட்டத்து தாத்தா:
அட. அந்த மண்ணை காய வெச்சு கொஞ்சம் எடுத்து மேல வினிகர் ஊத்திப் பாருங்க.

புதுவீட்டு மருமக:
ஐயோ சோடா மாதிரி பொங்குது!!

தோட்டத்து தாத்தா:
சுண்ணாம்பு. நம்மூர்ல பல இடத்துல மண்ணுலயே சுக்காங்கல் கெடக்கும், அதுமேல சிமெண்டும் சேந்தா கேக்கவே வேண்டாம். இட்லிப்பூ கொஞ்சம் புளிப்பு மண்ணு கேக்குற செடி. மண்ணுல இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை கட்டிப் போட்டுரும், வேரால எடுக்க முடியாது. நீங்க போட்ட டிஏபில இருக்குற மணிச்சத்து வேற அதை இன்னும் முடக்கும். ஆர்ஓ கழிவுத்தண்ணிங்கறது அதே போர் தண்ணியோட உப்பு திரண்டு வர்றது, அதை செடிக்கு ஊத்தாதீங்க, வாசல் கழுவுங்க. அதுக்கு பதிலா ஏசில சொட்டுற தண்ணிய புடிச்சு ஊத்துங்க, மழைத்தண்ணி மாதிரி, உப்பே இருக்காது.

உடனடிக்கு அன்னபேதி, இரும்பு உப்புதான், உரக்கடைல பெரஸ் சல்பேட்னு குடுப்பாங்க, லிட்டருக்கு 5 கிராம், கூட எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 1 கிராம், அன்னிக்கு கலக்குனத அன்னிக்கே சாயங்காலமா இலைல புகை மாதிரி அடிங்க. 10-15 நாள் விட்டு மூணு தடவை. டைல்ஸ்ல படாம பாத்துக்குங்க, துருக்கறை புடிக்கும். இத மண்ணுல கொட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, சுண்ணாம்பு அதையும் முழுங்கிரும். ரொம்ப மோசமா இருக்குற செடிய வேர்மண்ணோட எடுத்துட்டு ஒன்றரை அடிக்கு குழி தோண்டி இடிசல எல்லாம் அள்ளிட்டு செம்மண்ணு, மட்குன தொழுவுரம், கழுவுன தென்னைநார்க் கழிவு கலந்து திரும்ப நடுங்க. தண்ணி ஒருவேளை போதும், மேல்மண்ணு காஞ்சாத்தான்.

வாளையார் தாண்டி:
பாலக்காட்டுல இட்லிப்பூவ தெச்சிம்பாங்க, எங்க மாமியார் வீட்டு தெச்சிய யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, ஆள் உயரத்துக்கு நிக்குது. எல்லாம் அந்த மண்ணும் மழையும்தான். வெட்சின்னு ஒரு புறத்திணைக்கே பேர் குடுத்த இதே பூவை கொத்தனார் சிமெண்டுல நட்டா எப்படிங்க 😂

பச்சைவிரல்:
நான் சொன்னது தப்புதான், ஒத்துக்குறேன். ஆனா இவ்ளோ பாடு எதுக்கு? அரளிதான் அந்த மண்ணுல நல்லா வருதே, வரிசை முழுக்க அதையே வெச்சுடுங்க.

வாளையார் தாண்டி:
வீட்ல சின்ன குழந்தை இருந்தா வேண்டாங்க, அரளி இலை பூ பட்டை எல்லாமே விஷம். காகிதப்பூ வைங்க, உப்புத்தண்ணிக்கும் தாங்கும், வெயில் நல்லா இருக்கணும், தண்ணிய குறைச்சாத்தான் பூக்கும்.

புதுவீட்டு மருமக:
ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கேன். நாலு செடிய எடுத்து மண்ணு மாத்தி வெச்சேன், ஒன்னு போயிடுச்சு, மூணு கரும்பச்சையா துளிர்க்குது. மருந்து மட்டும் அடிச்ச எட்டுல அஞ்சு தேறிடுச்சு, மூலைல இருக்குற மூணு இன்னும் மஞ்சள்தான், அத எடுத்துட்டு காகிதப்பூ வெக்கலாம்னு இருக்கோம். ஏசி தண்ணிக்கு அத்தையே பக்கெட் வெச்சுட்டாங்க. ஒரே ஒரு சந்தேகங்க ஐயா, போர்ட்டிகோ டைல்ஸ்ல காவி கலர்ல புள்ளி புள்ளியா விழுந்திருக்கு, எத போட்டு தேச்சா போகும்?

தோட்டத்து தாத்தா:
அதான் அன்னிக்கே சொன்னனே அம்மிணி! அதே எலுமிச்சை உப்ப தண்ணில கரைச்சு ஊத்தி கால்மணி நேரம் விட்டு தேயுங்க. கிரானைட்டு, மார்பிள்னா மட்டும் அத தொடாதீங்க, பாலிஷ் போயிரும்.