காவேரிப்பட்டினத்தில் 60 வருடப் பழைய வீடு: பெயிண்ட்டுக்கு அடியில் எதைப் பார்ப்பது?

ஓசூர் ஷிஃப்ட்காரன்:
வணக்கம். ஓசூரில் கம்பெனி வேலை, சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். காவேரிப்பட்டினத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. முன்கட்டு கருங்கல் சுவர், மேலே உத்திரக் கட்டை போட்டு, அதன்மேல் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு தளம் அமைத்த மெட்ராஸ் டெரஸ். 1960 வாக்கில் கட்டியதாம். பின்கட்டில் சமையலறை, பாத்ரூம், ஒரு படுக்கையறை. இது 1994-ல் காங்கிரீட் தளம் போட்டுச் சேர்த்தது. போன மாதம்தான் வீடு முழுக்க பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

"முன்கட்டை இடித்துவிட்டுப் பின்கட்டை வைத்துக்கொள்ளலாம்" என்கிறாள் என் மனைவி. புரோக்கரும் அதையே சொல்கிறார். அப்பாவுக்கு வில்லங்கம் ஒன்றுதான் கவலை. அது பார்த்தாகிவிட்டது, பட்டாவும் சரி. வீட்டைத்தான் எப்படிப் பார்ப்பது என்று புரியவில்லை. ஹால் சுவரில் கீழிருந்து 3 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். எதற்கு என்றேன். "அழகுக்கு" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.

மாந்தோப்பு:
ஹாலில் 3 அடிக்கு டைல்ஸா? நான் என்றால் போன் நம்பரையே அழித்துவிடுவேன். ஐப்பசி மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், டைல்ஸுக்கு மேலே சுவரே பேசும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தம்பி, அவசரப்பட்டு நம்பரை அழிக்க வேண்டாம். 31 வருடம் கட்டட வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இடிக்க வேண்டியது பின்கட்டாகக்கூட இருக்கலாம்.

முதலில் அந்த டைல்ஸ். பழைய கருங்கல் சுவர் மண் சாந்தில் கட்டியது, பேஸ்மட்டத்தில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை எதுவும் இருக்காது. தரை ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் பூச்சு வழியே காற்றில் போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, டைல்ஸும் ஒட்டினால் ஈரம் வெளியே வர முடியாமல் இன்னும் மேலே ஏறும். டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே ஒரு சாண் உள்ளங்கையால் தடவுங்கள். மாவு மாதிரி உப்பு ஒட்டினால் அழகு எதற்கென்று தெரிந்துவிடும். அதற்காக வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. டைல்ஸையும் சிமெண்ட்டையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால், ஒன்றிரண்டு வெயில் காலத்தில் சுவர் காய்ந்துவிடும்.

அடுத்து பரண். அலமாரிக்குள்ளும் பரணுக்குள்ளும் பெயிண்டர் பிரஷ் போகாது. டார்ச்சோடு ஏறுங்கள். பழுப்பு வளையம், கறையான் மண் கோடு எல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.

உத்திரத்தை நடுவில் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் உளுக்கும். அங்கே ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். கால் அங்குலம் இறங்கினால் பரவாயில்லை. வெண்ணெயில் போகிற மாதிரி போனால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும்.

மாடிக்கு ஏறினால் நேராகத் தூம்புக்குப் போங்கள். தண்ணீர் போகிற அந்த ஓட்டை ஓரத்தில் தளத்தின் அடுக்குகள் வெட்டிய கேக் போலத் தெரியும். கீழே நிறுத்தி அடுக்கிய செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேலே தட்டோடு. இவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒழுகுகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒருவர் சிமெண்ட் தளம் போட்டுவிட்டுப் போயிருப்பார். 100 சதுர அடியில் 2 அங்குலம் சிமெண்ட் போட்டால் கிட்டத்தட்ட 1 டன். அந்தக் காலத்து உத்திரம் அதற்காக வைத்ததில்லை. மெட்ராஸ் டெரஸ் விழுந்ததாகக் கேள்விப்பட்டு நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் மேலே இரண்டு மூன்று அடுக்கு ரிப்பேர் இருந்தது.

இனி பின்கட்டு. ஒட்டடைக் கம்பை எடுத்து பாத்ரூம் சீலிங்கைத் தட்டுங்கள். "டங்" என்றால் நல்லது. "டொப்" என்றால் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. அப்போதெல்லாம் பல இடங்களில் கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேலேயே படுக்கவைத்துவிட்டுக் காங்கிரீட் கொட்டினார்கள். கம்பிக்குக் கீழே அதை மூடி முக்கால் அங்குலம் காங்கிரீட் இல்லாவிட்டால் ஈரம் எட்டும், கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பிய கம்பி காங்கிரீட்டைத் தள்ளிவிடும். அதற்குமேல் பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதம் தாங்கும், விற்பதற்கு அது போதும்.

முன்கட்டும் பின்கட்டும் சேருகிற இடத்தில் நேர்கோடாக ஒரு விரிசல் இருக்கும். பழைய சுவரோடு புதிய சுவரைக் கோத்து, பல் விட்டுக் கட்டாததால் வந்தது அது, பயப்படாதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் இறங்கி, மேலே விரல் நுழைகிற அளவு அகலமாக இருந்தால் என்னைக் கேளுங்கள். ஊர் தென்பெண்ணைக் கரை என்பதால் அந்தத் தெருவில் மண் எப்படி என்று பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள்.

பாலக்கோடு டீச்சர்:
ஓவர்சியர் ஐயா சொன்னது எல்லாம் சரி, நான் மாட்டிக்கொண்டது வேறு இரண்டில். நாங்கள் வாங்கிய வீட்டில் எல்லா பிளக்கிலும் மூன்று ஓட்டை இருந்தது. கீசர் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! எர்த் குழி என்று காட்டிய இடத்தில் துருப்பிடித்த பைப் மட்டும் நின்றது. மரச்சட்டத்தில் ஓடிய பழைய அலுமினிய வயரை முழுக்க மாற்றி, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போட்டோம். விலை பேசும்போது இது எங்கள் கணக்கிலேயே இல்லை.

அப்புறம் போர் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, இருந்தும் டெஸ்ட் செய்யாமல் வாங்கினோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, எங்களுடையது தாண்டிவிட்டது. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். குழாயில் தண்ணீர் துருவாக வருகிறதா என்று காலையில் முதல் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள் சார்.

ஓசூர் ஷிஃப்ட்காரன்:
போய்விட்டு வந்தேன். பாத்ரூம் சீலிங்கில் இரண்டாவது தட்டுக்கே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துண்டு விழுந்தது. உள்ளே கம்பி கருவேப்பிலைக் காம்பு மாதிரி இருக்கிறது. வீட்டு ஓனர் அம்மா ஒன்றும் பேசாமல் ஒட்டடைக் கம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். முன்கட்டில் ஐந்து உத்திரம், நான்கு கல் மாதிரி. பின்கட்டை ஒட்டியதில் மட்டும் ஸ்குரூடிரைவர் இரண்டு அங்குலம் போனது. தூம்பு ஓரத்தில் எண்ணினேன், தட்டோட்டுக்கு மேலே இரண்டு அடுக்கு சிமெண்ட். டைல்ஸுக்கு மேலே உப்பு உண்டு. தண்ணீர் பாட்டிலை நாளை கொடுக்கிறேன்.

பின்கட்டுக்கு மதிப்பே போடாமல் விலை கேட்டிருக்கிறேன், இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார்கள். மனைவி இப்போது முன்கட்டை வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். ஐயா, சுண்ணாம்பு வேலைக்கு இப்போது ஆள் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கோயில் திருப்பணி எங்கே நடக்கிறதென்று விசாரியுங்கள், பழைய மண்டப வேலை தெரிந்த கொத்தனார்கள் அங்கே கிடைப்பார்கள். ஒன்று மட்டும். பின்கட்டை இடிக்கும்போது, இரண்டுக்கும் பொதுவான சுவரில் அந்த ஐந்தாவது உத்திரம் உட்கார்ந்திருக்கும். அதற்கு முட்டுக் கொடுக்காமல் அந்தப் பக்கம் ஒரு கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள். ஜேசிபிக்காரர் அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்பார், கேட்காதீர்கள்.