கண்ணாடிப் பிம்பத்தில் நியான் விளக்கு ஒளிராமல் இருப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் பில்ட்-இன் பைப்லைனில் (அதிலேயே உள்ள படம் வரையும் முறையில்), மழை ஓய்ந்த ஓர் இரவுத் தெருவை அமைத்து வருகிறேன். கடைச் சுவரில் சிவப்பு நியான் குழாயும், அதற்கு எதிரே ஆளுயரக் கண்ணாடியும் உள்ளன. இரண்டாவது கேமரா பார்ப்பதை ரெண்டர் டெக்ஸ்சரில் (கேமராவின் காட்சியை ஏந்தும் படத்தில்) வரைந்து, அதைக் கண்ணாடிப் பரப்பில் காட்டுகிறேன். நேரில் பார்த்தால் குழாயைச் சுற்றி புளூம் (பிரகாசமான இடத்தைச் சுற்றிய ஒளிக்கசிவு) நன்றாகப் பரவுகிறது. கண்ணாடியிலோ சிவப்பு வண்ணம் பூசிய கம்பி போலத்தான் தெரிகிறது. பக்கத்திலுள்ள பாயின்ட் லைட் (ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் ஒளி வீசும் விளக்கு) சுவரில் வீழ்த்தும் வெளிச்சமும் பிம்பத்தில் இல்லை. இரண்டாவது கேமராவிலும் புளூம், டோன்மேப்பிங் (மிகு பிரகாசத்தைத் திரை காட்டக்கூடிய அளவுக்குச் சுருக்குவது) இரண்டையும் சேர்த்தால் நிறங்கள் கெட்டுவிடுகின்றன. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
முதலில் ரெண்டர் டெக்ஸ்சரின் வடிவத்தை, அதாவது அது நிற மதிப்புகளைச் சேமிக்கும் முறையை, பாருங்கள். அது நிறக்கூறு ஒவ்வொன்றுக்கும் 8 பிட் தரும் வடிவமாக இருந்தால் 1-க்கு மேற்பட்ட மதிப்பு எதையும் தாங்காது. குழாயின் எமிஷன் (அது தானே வெளியிடும் ஒளி) சிவப்பில் 4 என்று வைத்திருந்தாலும் பிம்பத்தில் 1 என்றே பதிவாகும். கண்ணாடியின் சாயல் (பிம்பத்தோடு பெருக்கப்படும் நிறம்) 0.9 என்றால் அது 0.9 ஆகக் குறையும். புளூம் தொடங்கும் வரம்பு 1 என்றால் அந்த இடம் ஒளிர வாய்ப்பே இல்லை. வடிவத்தை ஏ.ஆர்.ஜி.பி. ஹாஃப் (நிறக்கூறுக்கு 16 பிட்) என்று மாற்றி, இரண்டாவது கேமராவிலும் எச்.டி.ஆரை (1-க்கு மேற்பட்ட ஒளி மதிப்புகளை) அனுமதியுங்கள், அப்போது 3.6 என்ற மதிப்பு குறையாமல் வந்து சேரும். இரண்டாவது கேமராவில் புளூமும் டோன்மேப்பிங்கும் வேண்டவே வேண்டாம். பிம்பம் முதன்மைக் கேமராவின் படத்திற்குள் வருவதால், அங்கே அவை மறுபடியும் செயல்படுகின்றன. நிறம் கெடுவதற்கு அதுவே காரணம். கண்ணாடி சுமக்க வேண்டியது பதப்படுத்தாத ஒளியை மட்டுமே.

மறுமொழி 2:
சுவர் வெளிச்சம் மறைவதற்குக் காரணம் வேறு. பலரும் எடுத்தாளும் பழைய கண்ணாடி ஸ்கிரிப்டில், வேகத்திற்காகப் பிக்சல் லைட்டுகளை (ஒவ்வொரு பிக்சலிலும் கணக்கிடப்படும் விளக்குகளை) அணைக்கும் தேர்வு ஒன்று இயல்பாகவே இயங்கும். பிம்பம் வரையப்படும் நேரத்தில் மட்டும் அது பிக்சல் லைட் எண்ணிக்கையை 0 ஆக்கிவிடுகிறது. அதன்பின் பாயின்ட் லைட் உருவங்களின் முனைப்புள்ளிகளில் மட்டுமே கணக்கிடப்படும். உங்கள் சுவர் நான்கே முனைகள் கொண்ட பெரிய சதுரமாக இருந்து, விளக்கின் வீச்சு அந்த முனைகளை எட்டவில்லை என்றால், நடுவில் விழ வேண்டிய வெளிச்சம் முற்றிலும் காணாமல் போகும். அந்தத் தேர்வை நீக்குங்கள். சுமை கூடினால் எண்ணிக்கையை 1 அல்லது 2 என்று வைத்துப் பாருங்கள். பாயின்ட் லைட்டுக்கு உருவம் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். பல்பு கண்ணாடியில் தெரிய வேண்டுமானால் எமிஷன் உள்ள சிறு கோளம் ஒன்றை அங்கே வைத்தாக வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இரண்டும் சரியாகிவிட்டன. இப்போது குழாயின் ஒளிவட்டம் கண்ணாடியின் சட்டத்தைத் தாண்டி வெளியே கசிகிறது. அதை வெட்ட வேண்டுமா?

மறுமொழி 1:
வெட்ட வேண்டாம், அதுதான் சரி. புளூம் குறிப்பது கேமரா லென்சிலோ நம் கண்ணிலோ ஒளி சிதறுவதைத்தான்; ஆகவே சட்டம் அதற்கு எல்லையாகாது. மூடுபனியில் தெரியும் ஒளிப்படலம் மட்டும் காட்சிக்குள்ளேயே இருப்பது என்பதால், அதை இரண்டாவது கேமராதான் வரைய வேண்டும். பில்போர்டாக (கேமராவை நோக்கித் திரும்பும் தட்டைப் படமாக) செய்த ஒளிவட்டம் இருந்தால், பிம்பத்தை வரையும்போது அது இரண்டாவது கேமராவை நோக்கித் திரும்ப வேண்டும். இல்லையெனில் பக்கவாட்டில் மெலிந்து தெரியும்.

மறுமொழி 2:
நினைவகத்தையும் கவனியுங்கள். 1024×1024 அளவில் 8 பிட் வடிவம் 4 எம்பி எடுக்கும். ஹாஃப் வடிவம் 8 எம்பி எடுக்கும். கைப்பேசிக்கு ஆர்.ஜி.பி. 111110 ஃப்ளோட் வடிவம் ஏற்றது. 4 எம்பியிலேயே 1-க்கு மேற்பட்ட மதிப்புகளைத் தாங்கும். அதில் ஆல்ஃபா (ஒளிபுகும் தன்மையின் மதிப்பு) இல்லை, ஆனால் கண்ணாடிக்கு அது தேவைப்படாது.