ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு கை முழுக்க மரக்க வைக்கும் பிளாக்: லோக்கலே போதாதா?

டயாலிசிஸ்_சிஸ்டர்:
மணிக்கட்டில் ஏ.வி. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ஆர்ட்டரி எனும் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது) போட அனுப்பும் நோயாளிகளுக்கு சில இடங்களில் வெட்டும் இடத்தில் லோக்கல் ஊசி, சில இடங்களில் காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்க வைக்கும் பிளாக். நோயாளிகள் "அவருக்குச் சின்ன ஊசி, எனக்கு ஏன் கழுத்துல ஊசி"ன்னு கேக்கறாங்க. நான் தெரிஞ்சுக்க வேண்டியது:
வலி தெரியாம இருக்கறதைத் தாண்டி பிளாக்கில் ஃபிஸ்டுலாவுக்கு ஏதாவது லாபம் உண்டா? மூச்சு வாங்கி மல்லாந்து படுக்க முடியாதவங்களுக்கும், குளோபிடோகிரெல் (ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரை) சாப்பிடறவங்களுக்கும் போடலாமா? மரத்த கையோட வார்டுக்கு வந்தா எதைக் கவனிக்கணும்?

ஊசிமுனை (மயக்கவியல்):
சிஸ்டர், வலிக்கு மட்டும்னா மணிக்கட்டில் லோக்கல் போதும். பிளாக் போடச் சொல்றது ரத்தக்குழாய்க்காக. கைக்குப் போற நரம்புகளோட கூடவே ரத்தக்குழாயைச் சுருக்கி வைக்கிற சிம்பதெடிக் நரம்பிழைகளும் போகுது. பிளாக் அதையும் அடைச்சிடும். கை சூடாகும், சிரை புடைக்கும், ஆர்ட்டரியில் ஓட்டம் கூடும். தொட்டாலே சுருங்கிக்கிற மெல்லிய குழாய்களைத் தைக்கிற வேலைக்கு இதைவிட என்ன வேணும்? லோக்கல் அந்த வேலையைச் செய்யாது.

கிளாஸ்கோவில் 126 பேரை இரண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்து 2016-ல் லான்செட் இதழில் வெளியிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு பிளாக் போட்டவங்களில் 84 சதவீதம் பேருக்கும், லோக்கல் போட்டவங்களில் 62 சதவீதம் பேருக்கும் ஃபிஸ்டுலா அடைபடாம இருந்தது. ஒரே ஊர், சின்ன எண்ணிக்கை, அதனால கல்வெட்டா எடுத்துக்க வேண்டாம். ஆனா உடலியலோட ஒத்துப்போற முடிவு.

ஜி.ஏ.-வை (முழு மயக்கம்) ஏன் தவிர்க்கிறோம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொட்டாசியம் ஏறியிருக்கும், ரத்தசோகை இருக்கும், பாதிப் பேருக்கு இதயமும் சரியிருக்காது. மயக்கம் கொடுத்து பிரஷர் விழுந்தா, அப்பத்தான் தைச்ச ஃபிஸ்டுலா உறைஞ்சு போகும். கை பிளாக்கில் பிரஷர் பெரிசா அசையாது. முதுகில் போடற ஸ்பைனல் மாதிரி இல்லை இது.

போடற முறை: மறு கையின் புறங்கையில் ஊசிவழி (ஃபிஸ்டுலா கையில் பிரஷர் பட்டையும் கூடாது). தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, காறை எலும்புக்கு மேலே அல்ட்ராசவுண்ட் புரோப். துடிக்கிற வட்டம் சப்கிளேவியன் ஆர்ட்டரி. அதன் வெளிப்பக்கத்தில் திராட்சைக் கொத்து மாதிரி நரம்புகள். கீழே வெள்ளைக் கோடா முதல் விலா, அதை ஒட்டி நுரையீரல் உறை. 50 மி.மீ. ஊசியை வெளியிலிருந்து உள்ளே, முனை முழு நேரமும் திரையில் தெரியும்படி செலுத்தணும். முனை மறைஞ்சா கையை நிறுத்தணும், நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுத்திக் காத்து புகுந்துக்கிறது) வர்றதே அங்கதான். ஒவ்வொரு 3 முதல் 5 மி.லி.க்கும் பின்னிழுத்து ரத்தம் வருதான்னு பார்க்கணும். மருந்து உள்ளே போக மறுத்தாலோ, நோயாளி "கையில சுரீர்னுது"ன்னாலோ ஊசியை நகர்த்தணும், அழுத்தக் கூடாது.

தப்பு அதிகம் நடக்கிறது டோஸில். 50 கிலோ நோயாளிக்கு மரக்க வைக்கிற மருந்தான 0.5% புபிவகெய்ன் 20 மி.லி. போட்டா 100 மி.கி., அதாவது கிலோவுக்கு 2 மி.கி. வரம்பு அங்கேயே முடிஞ்சுது. அப்புறம் பிளாக் அரைகுறையா இருக்குன்னு சர்ஜன் லோக்கலா 2% லிக்னோகெய்ன் 10 மி.லி. ஊத்தினா இன்னொரு 200 மி.கி. மருந்து வேறன்னு வரம்பும் தனித்தனியா இருக்காது, ரெண்டு விஷத்தன்மையும் கூடும். இவங்க உடம்பில் அமிலத்தன்மை வேற அதிகம், அது நச்சை இன்னும் கூர்மையாக்கும். அதனால பிளாக்கிலேயே அளவைக் குறைச்சு வச்சுக்கிட்டு, சர்ஜனுக்கு எவ்வளவு மிச்சம்னு வாய்விட்டுச் சொல்லிடணும்.

காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, உதடு மரப்பு, உளறல் இதெல்லாம் முன்னறிவிப்பு. அடுத்தது வலிப்பு, இதயம் நிற்பது. இந்த நச்சை முறிக்கிற 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) அறையிலேயே இருக்கணும்: கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே, பிறகு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.25 மி.லி. வீதம். 50 கிலோவுக்கு முதல் டோஸ் 75 மி.லி. பூட்டி வச்ச மருந்தகத்தில் இருந்தா இல்லாத மாதிரிதான்.

குழாய்த்தையல் (வாஸ்குலர் சர்ஜரி):
மேலே சொன்னதோடு ஒன்று. பிளாக் பிடித்த பிறகு சிரையை மறுபடி ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. முந்தின நாள் குளிரூட்டிய அறையில் 2 மி.மீ.க்குக் கீழே தெரிந்த மணிக்கட்டுச் சிரை பிளாக்குக்குப் பின் தைக்கிற அளவுக்கு விரிந்திருக்கலாம். மணிக்கட்டிலேயே முடிந்தால் முழங்கை இடம் பின்னாளுக்கு மிச்சம். பல வருஷம் டயாலிசிஸ் செய்யப்போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒரு பிளாக் எல்லா இடத்தையும் மூடும் என்று நினைக்க வேண்டாம். மேல்கையின் உட்பக்கத் தோலுக்கு வருவது இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு. அது மார்பிலிருந்து வருகிறது, கை பிளாக்கில் சிக்காது. மேல்கையின் உட்பக்கம் ஆழத்தில் ஓடும் பசிலிக் சிரையை மேலே எடுத்து வைக்கும் ஆபரேஷனில் அங்கே தனியாக லோக்கல் வேண்டும். அக்குள் வழி பிளாக்கில் இதே கதை வேறு இடத்தில்: மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு கூட்டத்தை விட்டு விலகித் தசைக்குள் ஓடும். அதைத் தனியே பிடிக்காவிட்டால் முன்கையின் வெளிப்பக்கம் உணர்வோடு இருக்கும். மணிக்கட்டில் கத்தி வைப்பதும் அங்கேதான். கை தூக்க முடியவில்லையே என்று நம்பி வெட்டாதீர்கள். வெட்டும் கோட்டிலேயே கிள்ளிப் பாருங்கள்.

பழைய_ஓ.டி.:
எல்லாருக்கும் பிளாக்னு கொடி பிடிக்க வேண்டாம். புபிவகெய்ன் முழுசாப் பிடிக்க 20-30 நிமிஷம். அந்த நேரத்தைக் கொடுக்காம ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) லிஸ்ட் ஓடுற இடத்தில் அரைப் பிளாக், மேலே லோக்கல், கடைசியில் டோஸ் தாண்டல். அல்ட்ராசவுண்டும் பழகின ஆளும் இல்லைன்னா நல்ல லோக்கலே மேல்.

ஊசிமுனை:
ஒத்துக்கறேன். முந்தின கேசின் கடைசித் தையலின்போதே அடுத்தவருக்குத் தனி அறையில் பிளாக் போட்டா அந்த அரை மணி நேரப் பிரச்சினை தீரும். மானிட்டரும் ஒரு ஆளும் கூடவே இருக்கணும்.

சிஸ்டர் கேட்ட மிச்சத்துக்கு வர்றேன். காறை எலும்புக்கு மேலே போடும்போது கணிசமானவங்களுக்கு அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் செயலிழக்கும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது தெரியவே தெரியாது. நீர் கோத்து மூச்சு வாங்கறவருக்கு அது தாங்காது. முந்தின நாள் டயாலிசிஸில் நீரை எடுத்துட்டு அனுப்புங்க, பிளாக்கையும் அக்குள் வழியா மாத்திடலாம். முந்தின நாள் டயாலிசிஸில் ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த ஹெபரினும் அதுக்குள்ள வடிஞ்சிருக்கும், பொட்டாசியமும் சொன்னபடி கேட்கும்.

குளோபிடோகிரெலுக்கும் அக்குள்தான் பாதுகாப்பு. தோலுக்கு அடியிலேயே இருக்கு, ரத்தம் கசிஞ்சா அழுத்திப் பிடிக்கலாம். காறை எலும்புக்குக் கீழே போடற ஆழமான பிளாக்கில் அழுத்த வழியில்லை, அதைத் தவிர்க்கலாம். ஸ்டென்ட் வச்சவருக்கு இந்த ஆபரேஷனுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தச் சொல்லிடாதீங்க, இதய டாக்டர் சொல்லட்டும்.

டயாலிசிஸ்_சிஸ்டர்:
நன்றி டாக்டர். வார்டில் எவ்வளவு நேரம் மரப்பு இருக்கும்? எது வந்தா பதறணும்?

குழாய்த்தையல்:
மரப்பு 8 முதல் 16 மணி நேரம் இருக்கும். கண் இமை தொங்குவது, குரல் கம்முவது இரண்டும் மருந்து பக்கத்து நரம்புகளுக்குப் பரவியதால் வருவது, தானே போய்விடும். இருமலோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் நியூமோதொராக்ஸ் என்று சந்தேகித்து எக்ஸ்ரே எடுங்கள். சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கட்டு இறுகியிருப்பதை நோயாளி சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியாது. சுற்றிக் கட்டியிருந்தால் உங்கள் விரல் உள்ளே நுழைகிறதா பாருங்கள், த்ரில்லை (ஃபிஸ்டுலா மேல் கை வைத்தால் தெரியும் அதிர்வு) முதல் சில மணி நேரம் மணிக்கொருமுறை தொட்டுப் பாருங்கள். கை தூளியில் இருக்கட்டும். வெந்நீர்ப் பை, சூடான டம்ளர் எதுவும் அருகே வேண்டாம். தூங்கும்போது மரத்த கை உடம்புக்கு அடியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதற வேண்டியது இது: நீரிழிவு உள்ளவருக்கு முழங்கையில் ஃபிஸ்டுலா போட்டால், அரிதாக, நரம்புகளுக்குப் போகும் ரத்தம் திடீரெனக் குறைந்து விரல்கள் செயலிழக்கும். கை சூடாகவே இருக்கும், நாடியும் கிடைக்கலாம். பிளாக் இருக்கும்வரை இது மறைந்தே கிடக்கும். பிளாக் விலகும் நேரத்தில் தாங்க முடியாத வலி, பிடியில் பலவீனம், அல்லது 24 மணி நேரம் ஆகியும் விரல் அசையவில்லை என்றால் "மருந்து இன்னும் இறங்கலை" என்று காத்திருக்காதீர்கள். ஃபிஸ்டுலாவை உடனே கட்டி மூட வேண்டி வரலாம், தாமதித்தால் கை திரும்பாது.

ஊசிமுனை:
ஒண்ணு விட்டுப்போச்சு. மரப்பு விலகும்போது வலி மொத்தமா இறங்கும், பெரும்பாலும் நடுராத்திரி. கை கூச ஆரம்பிச்சதுமே பாராசிட்டமால் கொடுத்துடுங்க. டைக்ளோஃபெனாக் வேண்டாம், மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்ச சிறுநீரும் நின்னு போகும்.